விழுப்புண்ணும் வீராங்கனையும்



"பெண்பிள்ளை வரைகின்ற படமா இது? கன்னத்தில் வெட்டு, நெற்றியில் தையல், ஒரு கையையும் காணவில்லை!"

பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டும் பெற்றோர் பலர் இன்று எழுப்பும் முறையீடு இது. ஜப்பானிய அசைவூட்டப் படங்களில், அதாவது பிள்ளைகள் 'அனிமே' என்று அழைக்கும் படங்களில், வரும் போர்மகளிரைத்தான் அவர்கள் வரைகின்றனர். முன்பு தொலைக்காட்சியில் குறித்த நேரத்தில் மட்டும் வந்த ஜப்பானியச் சித்திரங்கள் இன்று கைப்பேசி வழியாக எந்நேரமும் வருகின்றன. தேயிலையும் காய்கறியும் விளையும் கோலா தெர்லா மலைச்சரிவிலும் அப்படித்தான், கோலாலம்பூரின் அடுக்குமாடி வீட்டிலும் அப்படித்தான்.

இதைப் பற்றி இருவகைக் கருத்துகளைக் கேட்கிறேன். அனிமே வன்முறையை வளர்க்கிறது, எனவே தடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகள் ஏதோ கிறுக்குகின்றனர், விட்டுவிடுங்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படங்களில் உள்ள வடு ஓர் அரிய பாடப்பொருள் என்பது என் கருத்து. பெண்ணின் உடலில் உள்ள வடுவை எப்படிப் பார்ப்பது என்பதை நாமும் நம் பிள்ளைகளும் சேர்ந்து கற்றுக்கொள்வதற்கு அது ஒரு வாய்ப்பு. ஏன் என்று விளக்குகிறேன்.

வடுவைப் படித்த முன்னோர்

போரில் பட்ட காயத்திற்குத் தனிச்சொற்கள் படைத்த இனம் நம் இனம். மார்பிலும் முகத்திலும் பட்டால் விழுப்புண். முதுகில் பட்டால் புறப்புண். முன்னது புகழ், பின்னது பழி. திருக்குறளில் 'படைச்செருக்கு' என்னும் அதிகாரமே உள்ளது. தன் வாழ்நாளைக் கணக்கிடும் வீரன், விழுப்புண் படாமல் கழிந்த நாள்களை வீணாய்ப் போன நாள்களின் கூட்டத்தில் வைப்பதாக அங்கே வள்ளுவர் கூறுகிறார்.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. எயிச்சிரோ ஓடா 1997-இல் எழுதத் தொடங்கிய 'ஒன் பீஸ்' கதையில் சோரோ என்னும் வாள்வீரன் வருகிறான். தன்னைவிட வல்லவனிடம் தோற்கும் தறுவாயில் அவன் ஓடவில்லை. திரும்பி நின்று மார்பைக் காட்டி வெட்டு வாங்குகிறான். முதுகில் படும் காயம் வாள்வீரனுக்கு இழுக்கு என்பது அவன் கொள்கை. நம் பிள்ளைகள் இந்தக் காட்சியை வாய் பிளந்து பார்க்கின்றனர். 'இதைத்தான் நம் புலவர்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடினர்' என்று ஓர் ஆசிரியர் அவர்களிடம் சொன்னால் புறநானூறு அன்றே அவர்களுக்கு நெருக்கமாகிவிடும்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இந்த இலக்கணம் முழுவதும் ஆண்மகனின் உடலைப் பற்றியது. பெண் எங்கே நிற்கிறாள்? காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில் (பாடல் 278) ஒரு முதிய தாய் வருகிறாள். மகன் புறமுதுகு காட்டி இறந்தான் என்ற பேச்சு அவள் காதில் விழுகிறது. அது மெய்யானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறிக் களத்திற்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்கிறாள். மகனின் காயத்தைப் படித்துத் தீர்ப்பு சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அவளுடைய உடலில் காயம் பட்டால் அதற்கென ஒரு புகழ்ச்சொல் இந்த இலக்கணத்தில் இல்லை.

வீட்டிற்குள் ஒரு வேறு இலக்கணம்

ஆணின் வடு வீரம், பெண்ணின் வடு குறை. இந்த எண்ணம் இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. சிறுவன் மிதிவண்டியிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தால், "ஆம்பளைப் பிள்ளை, அப்படித்தான்" என்கிறோம். அதே காயத்தோடு சிறுமி வந்தால், "தழும்பு விழுந்துவிட்டால் நாளைக்கு உன்னை யார் கட்டிக்கொள்வார்?" என்கிறோம். எட்டு வயதுக் குழந்தையிடம்! காயத்தின் வலியோடு ஓர் அச்சத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறோம். தன் உடல் வேறொருவர் பார்வைக்காகப் பழுதின்றிக் காத்து வைக்கவேண்டிய பொருள் என்று அவள் அன்றே கற்றுக்கொள்கிறாள். அதன்பின் திடலில் ஓடத் தயங்குகிறாள். பந்து முகத்தில் பட்டுவிடுமோ என்று ஒதுங்கி நிற்கிறாள்.

இந்நிலையில்தான் வடுவோடு ஒரு வீராங்கனை திரையில் வருகிறாள். மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நம் சிறுமியர் அவளைத் திரும்பத் திரும்ப வரைவதில் வியப்பென்ன?

மூன்று கதைகள், நான்கு பெண்கள்

ஹயாவோ மியாசாகி 1984-இல் உருவாக்கிய 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா' திரைப்படத்தில் காயம்பட்ட பெண்கள் இருவர். ஒருத்தி குஷானா என்னும் இளவரசி, படைத்தலைவி. மாபெரும் பூச்சிகளுக்குத் தன் கையைப் பறிகொடுத்து உலோகக் கை பூண்டவள். கவசத்தின் உள்ளே அதைவிடக் கொடிய காயங்கள் உண்டு என்றும், தன்னை மணப்பவன் அவற்றைக் காண்பான் என்றும் அவள் ஏளனமாகச் சொல்கிறாள். நம் வீடுகளில் கேட்கும் அந்தத் திருமணக் கேள்வியை அவள் முகத்திற்கு நேரே திருப்பி எறிகிறாள் அல்லவா? ஆயினும், தன் காயத்திற்கு ஈடாக அந்தப் பூச்சிகளையும் அவை வாழும் காட்டையும் எரித்துவிட வேண்டும் என்பதே அவள் நோக்கம். மற்றொருத்தி நௌசிக்கா. வதைக்கப்பட்ட ஒரு பூச்சிக்குஞ்சைக் காக்கப் போய்க் குண்டடி படுகிறாள். அமில நீரில் கால் எரிகிறாள். ஒருத்தியின் காயம் பழிவாங்கக் காரணமாயிற்று. மற்றவளின் காயம், பகையென்று எல்லோரும் சொன்ன ஓர் உயிரைக் காத்ததால் வந்தது. இருவருமே வீரம் மிக்கவர்கள். காயத்தைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஆறாம் ஆண்டு மாணவர்களோடு நன்னெறிக் கல்வி வகுப்பில் கலந்துரையாட இதைவிட நல்ல ஒப்பீடு கிடைப்பது அரிது.

அடுத்தது, மிகாசா. ஹஜிமே இசயாமா 2009 முதல் 2021 வரை எழுதிய 'அட்டாக் ஆன் டைட்டன்' கதையின் போர்மகள். அவள் கன்னத்து வடு பகைவன் தந்ததன்று. அவள் உயிரினும் மேலாகக் காக்கும் எரென், அரக்க உருவில் தன்னிலை இழந்திருந்தபோது ஓங்கிய கையால் வந்தது. இங்கே பெற்றோர் விழிப்போடு இருக்கவேண்டும். அன்புடையவன் அடித்தால் பொறுத்துக்கொள்வதே அன்பு என்று ஒரு சிறுமி இதைப் படித்துக்கொள்ளக் கூடும். அவ்வாறு படித்தால் உடனே மறுத்துரைப்பது நம் கடமை. கதையும் அவ்வாறு முடியவில்லை. உலகையே அழிக்கத் துணிந்த எரெனை இறுதியில் தடுத்து நிறுத்துவது அதே மிகாசாவின் கைதான். (இந்தத் தொடர் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஏற்றதன்று என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். குருதியும் கொலையும் மிகுதி. ஆயினும், அண்ணன் அக்காவின் கைப்பேசி வழியாக அவர்கள் அவளை அறிந்தே இருக்கின்றனர்.)

மூன்றாவது கதை என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஹிரோமு அராகவா என்னும் பெண் எழுத்தாளர் 2001 முதல் 2010 வரை எழுதிய 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையில் ரிசா என்னும் படைவீராங்கனை வருகிறாள். நெருப்பை ஏவும் ஓர் இரகசிய வித்தையை அவள் தந்தை அவள் முதுகில் பச்சை குத்தி வைத்திருந்தார். நாட்டுக்கு நன்மை செய்வான் என்று நம்பி ஒருவனிடம் அதை அவள் காட்டுகிறாள். அந்த வித்தை இஷ்வால் என்னும் மக்களை அழிக்கும் போரில் பயன்படுகிறது. அந்தப் போரில் அவளும் துப்பாக்கி ஏந்தினாள். போர் முடிந்ததும், இனியொருவன் கையில் இந்த வித்தை சிக்கக்கூடாது என்று, தன் முதுகைத் தீயால் பொசுக்கிவிடும்படி அவனிடமே கேட்கிறாள்.

இப்பொழுது சொல்லுங்கள்: அவள் வடு முதுகில் இருக்கிறது. நம் பழைய கணக்கின்படி அது புறப்புண். இழுக்கு. ஆனால், அந்த வடுவில் இருப்பது ஓட்டமா, அச்சமா? தான் துணைபோன கொடுமை மீண்டும் நிகழாமல் தடுக்கத் தன் உடலையே தடுப்பாக்கிய மனவுறுதி அல்லவா அது? காயம் உடலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் நாம் ரிசாவைக் கோழை என்று சொல்லிவிடுவோம்.

வெண்ணிக் குயத்தியாரின் தீர்ப்பு

'இது வெளிநாட்டுக் கதை. நம் மரபிற்கு ஒவ்வாது' என்று எவரேனும் சொல்லக்கூடும். நம் மரபிலேயே இதற்குச் சான்று இருக்கிறது.

வெண்ணிப் போரில் கரிகால் வளவன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். சேரனின் முன்புறத்தைக் குறித்து எறிந்த படைக்கலமே அவன் முதுகிலும் புண் செய்தது. அவன் ஓடியதால் வந்த காயமன்று அது. ஆயினும், புறப்புண் என்ற பெயர் வந்துவிட்டதே என்று நாணி, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். இடத்தை மட்டும் பார்த்துக் காயத்தை அளக்கும் முறை எத்துணைக் கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்போரைப் பற்றிப் பாடியவர்களுள் ஒருவர் வெண்ணிக் குயத்தியார். பெயரே சொல்கிறது, அவர் வெண்ணியைச் சேர்ந்த குயவர் குடிப் பெண். வென்ற கரிகாலனை நேரே விளித்து, உன்னைவிட, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார் (புறநானூறு 66). வெற்றி பெற்ற வேந்தன் முன்னிலையில் மண்பாண்டம் வனையும் குடியில் பிறந்த ஒரு பெண் கேட்ட கேள்வி இது. வடு முதுகில் இருக்கிறதா மார்பில் இருக்கிறதா என்பதைத் தாண்டி, அதைத் தாங்கியவனின் மனத்தை எடைபோட்டவர் அவர். ரிசாவின் வடுவைப் படிக்க நமக்குத் தேவையான கண்ணை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வெண்ணிக் குயத்தியார் தந்திருக்கிறார்.

அனிமேயின் குறையும் சொல்லவேண்டும்

புகழ்வதோடு நிறுத்தினால் அது நேர்மையாகாது. ஆண் வீரர்களின் முகத்தைக் குறுக்கும் நெடுக்கும் கிழித்துக் காட்டத் தயங்காத ஓவியர்கள், பெண்ணின் முகத்தில் மெல்லிய கோடு ஒன்றை மட்டும் பெரும்பாலும் இழுக்கின்றனர். அழகு கெடாத அளவுக்கே அவளுக்குக் காயம்! மிகாசாவின் வடுவே அப்படி ஒரு சிறு கோடுதான். குஷானாவின் பெருங்காயங்கள் கவசத்திற்குள் மறைந்தே கிடக்கின்றன. பெண்ணின் வடுவைப் போற்ற முன்வந்தவர்களுக்கும் அவள் முகத்தின்மீது உள்ள பழைய ஆசை முற்றிலும் விடவில்லை.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. வடு அழகு, வலி பெருமை என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்குவது. காயப்படுவதே உயர்வு என்று நினைக்கும் பிள்ளை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளவும், பிறர் செய்யும் கொடுமையைத் தாங்கிக்கொள்ளவும் ஆயத்தமாகிவிடும். இங்குதான் ஆசிரியரின் கண் கூர்மையாக இருக்கவேண்டும். காத்ததால் வந்த வடு வேறு. வதைக்கப்பட்டதால் வந்த வடு வேறு. வதைக்கப்பட்ட குழந்தையின் உடம்பில் உள்ள தழும்பு அக்குழந்தைக்கு இழுக்கன்று. ஆனால், அதைப் 'பொறுமையின் அடையாளம்' என்று பாராட்டுவதும் பெருங்கொடுமை. அந்தக் குழந்தைக்கு வேண்டியது பாதுகாப்பு. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 15999 என்னும் 'தாலியான் காசே' உதவித் தொலைபேசி இருக்கிறது. பள்ளி ஆலோசக ஆசிரியரும் இருக்கிறார். மணிக்கட்டில் அடிக்கடி புதிய கீறலோடு வரும் மாணவியையும், நீளக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கும் மாணவனையும் கண்டும் காணாததுபோல் கடந்து செல்லக்கூடாது.

நம் மண்ணின் போர்மகளிர்

அனிமே வீராங்கனையை விரும்பும் பிள்ளைகளுக்கு நம் மண்ணில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த இலட்சுமி அதற்குத் தலைவியானார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். இந்தியாவை ஒருமுறையேனும் கண்ணால் கண்டிராதவர்கள் அவர்களுள் பலர்! கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், இளம்வயதிலேயே அப்படையில் உயர்பொறுப்பு ஏற்றார். 2000-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அப்படையினர் முன்னணிப் போர்முனையில் இறக்கப்படவில்லை. பர்மாவில், மேமியோ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்குத் தாதியராகப் பணிபுரிந்தனர். 1945-இல் படை பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்கு நடுவே, பெரும்பகுதி கால்நடையாகவே, பேங்காக்கை நோக்கி வந்தனர். 'போரிடாத படைதானே' என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. காயத்தின் இடத்தை மட்டும் பார்க்கும் அதே பழைய கணக்குத்தான் இது. பிறர் புண்ணைக் கழுவிக் கட்டிய கைகளையும், கொப்புளம் வெடித்த பாதங்களையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

அவர்களுள் ஒருவர் இராசம்மா பூபாலன். பதினாறு வயதளவில் படையில் சேர்ந்தவர். போருக்குப் பின் ஆசிரியரானார். 1960-இல் மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து, ஆண் ஆசிரியருக்கு நிகரான ஊதியம் பெண் ஆசிரியருக்கும் வேண்டும் என்று போராடினார். இன்று நாம் பெறும் ஊதியத்தில் அவர் உழைப்பும் கலந்திருக்கிறது. 2018-இல் வெளிவந்த 'வயலட் எவர்கார்டன்' தொடரைப் பார்த்த மாணவியர், போரில் இரு கைகளையும் இழந்து உலோகக் கைகளால் பிறருக்குக் கடிதம் எழுதித் தரும் அந்தப் பெண்ணுக்காகக் கண்ணீர் விடுகின்றனர். துப்பாக்கி ஏந்திய கை எழுதுகோலை ஏந்திய கதை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

போர்க்களத்திற்குப் போகாதவர்களும் நம்மிடையே உண்டு. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929-இல். காடு தேயிலையான அக்காலந்தொட்டு எத்தனையோ பாட்டிமார் இம்மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தனர். கவாத்து வெட்டிய செடியின் முனைகள் கீறிய கெண்டைக்கால், கூடை சுமந்து காய்த்துப்போன தோள், கறை ஏறி வெடித்த விரல். இவை யாரைக் காத்ததால் வந்தவை என்று பேரப்பிள்ளைகள் அறிவார்களா? இன்று பல இடங்களில் பறிப்பதற்குக் கத்தரியும் எந்திரமும் வந்துவிட்டன. அந்தக் கைகளின் கதையைக் கேட்க இன்னும் சில ஆண்டுகளே வாய்ப்பிருக்கும்.

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, தழும்பைத் திருமணத்தோடு முடிச்சிட்டுப் பேசுவதை இன்றோடு நிறுத்துவோம். காயத்தைக் கழுவுவோம், மருந்திடுவோம். "எப்படிப் பட்டது? இன்னும் வலிக்கிறதா?" என்று கேட்போம். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டா.

இரண்டாவது, நம் பள்ளிகளில் 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு காலணி' என்று தன்கதை எழுதப் பயிற்றுகிறோம். உயர்நிலை ஆண்டு மாணவர்களுக்கு 'நான் ஒரு வடு' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். தாம் விரும்பும் வீராங்கனையின் வடுவாகவோ, பாட்டியின் இசைவு பெற்று அவர் கையின் வடுவாகவோ எழுதட்டும். எந்த மாணவரையும் தம் சொந்த வடுவைப் பற்றி எழுதும்படி வற்புறுத்தக் கூடாது. தாமாக எழுதியிருந்தால், அதை வகுப்பில் உரக்கப் படிக்காமல், தனியே அமர்ந்து ஆசிரியர் முழுமையாகப் படிக்கவேண்டும். சில கட்டுரைகளுக்குப் புள்ளியைவிட உதவி முதன்மையாகத் தேவைப்படும்.

மூன்றாவது, பிள்ளைகளோடு அமர்ந்து அந்தப் படங்களில் ஒன்றையேனும் பாருங்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு 'நௌசிக்கா' நல்ல தொடக்கம். எது வயதுக்கு ஏற்றது, எது ஏற்றதன்று என்று சொல்லும் தகுதி, பார்த்த பெற்றோருக்கே உண்டு.

அடுத்தமுறை பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வெட்டுக்காயம் பட்ட ஒரு முகத்தைக் கண்டால் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். "இவளுக்கு இந்தக் காயம் எப்படி வந்தது? யாரைக் காக்கப் போனாள்?" என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் விடை நீளமாகத்தான் இருக்கும். பொறுமையோடு கேளுங்கள். அந்த விடையிலிருந்து, தன்னைப் பற்றியும் தன் உடலைப் பற்றியும் அவள் என்ன நினைக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியவரும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.